நம்மவன்

நான் சொல்லவேண்டியது மூன்றே வாக்கியம். இவர் என் வீட்டுக்காரர். பெயர் ஓஸ்வின். பிறப்பால் ஆங்கிலேயர். சம்பந்தி பிரிட்ரிக் நேற்று மாலையிலிருந்து இதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போதும் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் சேற்றை மிதித்து நடந்தபடி, நான் திரும்பும்போதெல்லாம் உதட்டை அசைத்துக் காட்டுகிறார், ஏதோ நான் பேசவே தெரியாதவள் மாதிரி. முதல் வாக்கியம் சரியாக வருகிறது. இரண்டாவதில் நாக்கு தடுக்குகிறது. வண்டியில் சாக்கு போர்த்திப் படுத்திருப்பவர் பெயர் வாரின். இருபது வருஷம் நான் கூப்பிட்ட பெயர். சாப்பிடக் கூப்பிட்டேன், சண்டையில் கூப்பிட்டேன், முந்தாநாள் காலை ஆற்றங்கரையில் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கூப்பிட்டேன். திடீரென்று ஓஸ்வின் என்றால் வாய் எப்படித் திரும்பும்? “கிட்டத்தட்ட ஒரே மாதிரிதானே இருக்கு, லெவீவா. பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்” என்று பிரிட்ரிக் சொன்னார். ஊர் மணியக்காரர் அவர், எல்லாவற்றையும் பார்த்துத்தான் செய்வார். என் மகள் ஆவிஸைத் தன் மகனுக்குக் கட்டியதும் பார்த்துத்தான். வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வாரினின் கால் சாக்குக்கு வெளியே வருகிறது, ஆவிஸ் அதை உள்ளே தள்ளுகிறாள், அடுத்த பள்ளத்தில் மறுபடி வருகிறது. ஏழாம் மாசம் அவளுக்கு. வண்டியில் ஏறிக்கொள் என்றால் கேட்கவில்லை. அப்பாவோடு ஏறமாட்டாளாம், அப்பா இறங்கி நடந்தால் ஏறுவாளாம். என்ன பேச்சு இது. ஆனால் எனக்குப் புரிகிறது, புரிவதால் கோபம் வருகிறது.

சட்டம் எனக்கு நன்றாகவே தெரியும், ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்த புதிதில், அவர்களில் எவனாவது தனியாக அகப்பட்டால் நம் ஆட்கள் வெட்டிப் பள்ளத்தில் போட்டார்கள். யார் வெட்டினார்கள் என்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதற்காக வந்த சட்டம். எங்கே பிணம் கிடந்தாலும், கொன்றவன் யாரென்று தெரியாவிட்டால், செத்தவன் நார்மன் என்றே வைத்துக்கொள்வார்கள். சுற்றிலுமுள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்து தண்டம் கட்டவேண்டும். கட்டமுடியாவிட்டால் உழவு மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். உறவுக்காரர்கள் வந்து இவன் ஆங்கிலேயன் என்று புனிதப் பெட்டிமேல் கைவைத்துச் சத்தியம் செய்தால் தண்டம் இல்லை. விசாரணையும் இல்லை. ஆங்கிலேயன் செத்தால் செத்ததுதான், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. வாரினின் தலைக்குப் பின்னால், காதுக்கு மேலே, என் உள்ளங்கை அளவுக்குக் காயம். அவர் கிடந்த இடத்தில், ஆலை மதகுக்குக் கீழே, கல் நிறைய இருக்கிறது. விழுந்திருக்கலாம். ஆனால் நாற்பது வருஷம் குதிரையோடு இருந்தவர், ஈரத்தில் எங்கே கால் வைப்பது என்று குதிரைக்குச் சொல்லிக்கொடுத்தவர், அன்று அவர் ஓட்டிப்போன பாதிரியாரின் பெட்டைக்குதிரை பத்திரமாகக் கரையேறிப் புல் மேய்ந்துகொண்டிருக்க, இவர் மட்டும் விழுவாரா? நான் மூன்று வாக்கியத்தையும் சொல்லிவிட்டால் இந்தக் கேள்வியை இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் சொல்லாவிட்டால், இவர் நார்மன், பதினோரு வயதில் குதிரைக் கப்பலில் வந்தவர், இவரைக் கொன்றது யாரென்று கண்டுபிடியுங்கள் என்று சொல்லிவிட்டால், கேட்பார்கள். ஊர் சொல்லாது. மாடுகள் போகும். பங்குனி உழவுக்கு மாடில்லாமல் இந்த ஊர் எதைத் தின்னும்? ஆவிஸின் வீட்டு மாடும் போகும், அவள் வயிற்றில் இருப்பது எதைத் தின்னும்? இப்படியே நேற்றிலிருந்து. செக்கு மாடு மாதிரி ஒரே வட்டம்.

“அம்மா” என்கிறாள் ஆவிஸ், மாமனார் காதில் விழாத குரலில். “அப்பா பெயர் ஓஸ்வின்னா, நான் யார் மகள்?” இவள் பெயரை வைத்ததும் வாரின்தான். அவர் தங்கை பெயராம், கடலுக்கு அந்தப் பக்கம் காய்ச்சலில் செத்துப்போனவள். அப்போது என் அண்ணன் மூன்று மாசம் என்னோடு பேசவில்லை, நார்மன் பெயர் வைத்தாயே என்று. போன வருஷம் அதே அண்ணன் தன் பேரனுக்கு ராபர்ட் என்று வைத்தான். கோட்டைப் பிரபுவின் பெயர், நல்லது நடக்கும் என்றான். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் இப்போது ஊரில் எல்லாக் குழந்தையும் ராபர்ட், வில்லியம், மட்டில்டா. எங்கள் அப்பன் பாட்டன் பெயரெல்லாம் கல்லறையோடு நின்றுவிட்டது. வைக்கிறவர்கள் நார்மனைப் பார்த்துக் காறித் துப்புகிறவர்கள்தான், துப்பிவிட்டு வந்து பெயர் வைப்பார்கள். வாரினுக்கு அது சிரிப்பாக இருக்கும். “உங்க ஊரில் நார்மன் பெயர் இருந்தால் தப்பில்லை, நார்மன் இருந்தால்தான் தப்பு” என்பார். உங்க ஊர் என்றுதான் கடைசிவரை சொன்னார். கோட்டை லாயத்தை விட்டு என்னோடு வந்தபோது, கோட்டைக்காரர்கள் அவரைக் கைகழுவிவிட்டார்கள், குடியானவச்சி பின்னால் போனவன் என்று. இந்த ஊரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நார்மன் வழக்கப்படி பின்தலையைச் சிரைப்பதை நிறுத்தினார், தாடி வளர்த்தார், அவர் ஊர்ச் சாப்பாட்டை விட்டு இங்கே குடிக்கும் வாற்கோதுமைக் கஞ்சியைக் குடித்தார்... இல்லை, என்ன நினைப்பு, அவர் ஊரிலும் கஞ்சிதான், மேலே ஆப்பிள் சாறு ஊற்றிக்கொள்வார்களாம். மனம் எங்கெங்கோ போகிறது. இரண்டு நாள் தூக்கமில்லை. அறுவடை விருந்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் ஒரு கை அகலம் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். மாட்டுக்கு நோய் வந்தால் மட்டும் விடியும்முன் வந்து கதவைத் தட்டுவார்கள். “வெளியான் இருக்கானா?” என்று என்னிடமே கேட்பார்கள்.

அப்படி அதிகம் கேட்டவன் சீவார்ட். ஆற்றங்கரை மாவு ஆலைக்காரன். இப்போது வண்டிக்கு முன்னால் தனியாக நடக்கிறான், தோளில் இல்லாத மூட்டையைச் சுமக்கிறவன் போலக் குனிந்து. அவன் அண்ணன் நார்மன்காரர்கள் வந்தபோது நடந்த பெரிய போரில் செத்தான். கோட்டை மேடு எழுப்ப அவன் அப்பன் வீட்டை இடித்தார்கள். அதெல்லாம் எங்கள் எல்லோருக்கும்தான் நடந்தது, ஆனால் சிலருக்கு ஆறுகிறது, சிலர் ஆறவிடுவதில்லை. மதகுமேல் குதிரையை ஓட்டாதே, கரை உடைகிறது என்று வாரினோடு அவனுக்குத் தீராத சண்டை. வாரின் மதகுமேல்தான் போவார், சுற்றிப் போனால் தூரம் என்பார், அவருக்கும் திமிர் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். முந்தாநாள் ஊரே ஆற்றங்கரைக்கு ஓடிவந்தபோது சீவார்ட் வரவில்லை. ஆலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நூறடி தூரம். மாவு படிந்த கையை மடித்து வைத்துக்கொண்டு. அதனால் என்ன, எதுவுமில்லை, நின்றான் அவ்வளவுதான். ஆனால் நேற்று பிரிட்ரிக் வந்து, தந்தை வழியில் இரண்டு பேர் சத்தியம் செய்யவேண்டும், ஒருவன் நான், இன்னொருவன் சீவார்ட், அவனே முன்வந்தான் என்று சொன்னார். அவனா? அவனே வந்தானா? “ஊருக்காகத்தான் வருகிறான், நீ வேறு எதுவும் நினைக்காதே” என்றார் பிரிட்ரிக். நான் நினைக்கிறேன் என்று அவரிடம் நான் சொல்லவேயில்லை.

மூன்று ஓக் மரம் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத்து வழக்கெல்லாம் இதன் அடியில்தான். மரத்தடியில் மேசை, மேசைமேல் துணி போட்டு மூடிய புனிதப் பெட்டி, அதற்குள் யாரோ ஒரு புனிதரின் விரல் எலும்பாம். மூக்கு சிவந்த எழுத்தர், நடுவில் அதிகாரி. நான் கிழவனை எதிர்பார்த்தேன், இவனுக்கு முப்பதுகூட இருக்காது. பின்தலை சிரைத்திருக்கிறான். எழுத்தரோடு நார்மன்காரர்களின் பாஷையான பிரெஞ்சில் பேசுகிறான், எழுத்தர் எங்களிடம் ஆங்கிலத்தில் கேட்கிறார். எனக்குப் பாதி பிரெஞ்சிலேயே புரிந்துவிடுகிறது, முகத்தில் காட்டாமல் இருக்கவேண்டும். ஆங்கிலேயன் பெண்டாட்டிக்கு எப்படிப் புரியும்? சாக்கை விலக்கிப் பார்க்கிறார்கள். ஒரு காவலன் வாரினின் தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறான். என்ன தேடுகிறார்கள், முகத்திலா எழுதியிருக்கிறது? வெள்ளைத் தாடி, வெயிலில் கன்றிய கழுத்து, குதிரை கடித்துப் பாதி போன சுண்டுவிரல். என் அண்ணனைப் படுக்கவைத்தாலும் இப்படித்தான் இருப்பான். முதலில் பிரிட்ரிக் போகிறார். பெட்டிமேல் கை வைக்கிறார். “இவர் ஓஸ்வின். என் தந்தைக்குப் பங்காளி மகன். பிறப்பால் ஆங்கிலேயர்.” குரல் நடுங்கவேயில்லை. இவர் என்று மரியாதையாகச் சொல்கிறார். இருபது வருஷத்தில் வாரினை ஒருநாள்கூட அவர் என்று சொன்னதில்லை. அடுத்து சீவார்ட். கையைத் துணிமேல் வைக்கிறான், எடுக்கிறான், இடுப்பில் துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறான். “ஓஸ்வின்” என்கிறான். நிறுத்துகிறான். காற்றில் ஓக் மரத்தின் காய்ந்த இலை மேசைமேல் விழுகிறது. “என் சித்தப்பா மகன். ஒரே ரத்தம். நம்மவன்.” அந்தக் கடைசிச் சொல்லை பிரிட்ரிக் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார். நம்மவன். இந்த ஒரு சொல்லை ஒரு விருந்தில், ஒரு பெஞ்சில், ஒரே ஒரு தடவை அவர் காதுபடச் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் ஒரு மாசம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். இப்போது சொல்கிறான், காது கேட்காமல் போன பிறகு.

எழுத்தர் என்னைக் கூப்பிடுகிறார். ஆவிஸ் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கூட வருகிறாள். பெட்டிமேல் கை வைத்தால் துணி ஈரமாக இருக்கிறது, சீவார்ட்டின் வேர்வை. இவர் என் வீட்டுக்காரர் என்கிறேன். அதிகாரி நிமிர்ந்து ஆவிஸைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ கேட்கிறான், எழுத்தர், “இந்தப் பெண் யார், பெயர் என்ன?” என்கிறார். “மகள். ஆவிஸ்” என்று நான் சொல்வதற்குள் அவளே சொல்லிவிட்டாள். எழுத்தரின் இறகுப்பேனா நிற்கிறது. “ஆங்கிலேயன் மகளுக்கு நார்மன் பெயரா?” எவ்வளவோ பார்த்துச் செய்த பிரிட்ரிக் இதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர்தான் முன்னால் வந்து குனிந்து சொல்கிறார்: “ஐயா, எங்கள் ஊரில் பத்துக் குழந்தையில் ஏழுக்கு உங்கள் பெயர்தான். என் பேரன் வில்லியம். ஆலைக்காரன் மருமகள் மட்டில்டா. பெயரை வைத்துப் பார்த்தால் எங்கள் ஊரில் ஆங்கிலேயனே கிடையாது.” கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் வாய் கோணுகிறது. பிறகு எழுத்தரைக் கையால் ஒதுக்கிவிட்டு நேராக என்னிடம் பேசுகிறான், ஆங்கிலத்தில். சுத்தமான ஆங்கிலம், இந்தப் பக்கத்து ஆங்கிலம், மடியில் வைத்து வளர்த்த தாதியிடம் கற்றதாக இருக்கவேண்டும். “அம்மா, வாய்க்கு எதையும் பழக்கலாம். எனக்கு அது தெரியும், நானே இரண்டு மொழி பேசுகிறேன். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் தூக்கத்தில் எந்த மொழியில் பேசுவார்? புனிதர்மேல் கை இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.”

இந்தக் கேள்விக்குப் பதிலைப் பிரிட்ரிக் எப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார். இது என் படுக்கை. பொய் சொன்னால் இந்தக் கை அழுகும் என்பார்கள். கல்யாணமான புதிதில் முழுக்கப் பிரெஞ்சுதான், குதிரைகளை அதட்டுவார், யாரையோ கெஞ்சுவார், நான் எதுவும் புரியாமல் படுத்திருப்பேன், பக்கத்தில் படுத்தவர் தினமும் என்னை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய் வருகிற மாதிரி இருக்கும். ஆவிஸ் பிறந்தபின் கலந்து வந்தது. பிறகு, எட்டு வருஷமிருக்கும், ஒரு விடியலில் எழுந்து உட்கார்ந்து அழுதார். அடுப்பை விட்டுவிட்டு ஓடினேன். “அம்மாவைக் கனவில் பார்த்தேன் லெவீவா” என்றார். “நல்லதுதானே, எதுக்கு அழறீங்க?” என்றேன். “அம்மா ஆங்கிலத்தில் பேசினாள். அம்மாவுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. கடலையே பார்க்காதவள். என்னோடு ஆங்கிலத்தில் பேசினாள், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவள் பேசுகிற மாதிரி எனக்கு இப்போது கேட்கத் தெரியவில்லை.” அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன், சொன்னால் பாவம், ஆள் முழுசாக நம் பக்கம் வந்துவிட்டார் என்று. அவர் அம்மாவிடமிருந்து நான் பறித்துக்கொண்டேன் என்று தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க. “எங்க பாஷைதான் ஐயா” என்கிறேன். “எட்டு வருஷமா தூக்கத்திலும் எங்க பாஷைதான்.” என் குரலில் அதிகாரி எதையோ கேட்டிருக்கவேண்டும், கொஞ்ச நேரம் என்னையே பார்க்கிறான். அவன் தூக்கத்தில் யார் எந்த மொழியில் பேசுகிறார்களோ. “பெயர்?” என்கிறான். “ஓஸ்வின்.” தடுக்காமல் வந்துவிட்டது. “பிறப்பால் ஆங்கிலேயர்.” ஆவிஸின் பிடி என் முழங்கையை விட்டு நழுவுகிறது. எழுத்தர் எழுதுகிறார். அவ்வளவுதான். அடுத்த வழக்கு ஒரு பன்றியைப் பற்றியது.

திரும்பி வரும் வழியில் எல்லோருக்கும் நாக்கு அவிழ்ந்துவிட்டது. கேள்வி கேட்டபோது என் உயிரே போய்விட்டது என்கிறான் ஒருவன், லெவீவா மாதிரி யாருக்கு வரும் என்கிறான் இன்னொருவன். உழவை எந்த வயலில் தொடங்குவது என்று பேச்சு போகிறது. மாடு பிழைத்தது, ஊர் பிழைத்தது, நான்தான் பிழைக்கவைத்தேன், ஆவிஸ் மட்டும் பத்தடி பின்னால் வருகிறாள், என் பக்கமே பார்க்கவில்லை. அவளுக்கு என்ன சொல்வது? நீ சாப்பிடவேண்டும் என்றுதான் உன் அப்பாவை மாற்றினேன் என்றா? கோபம் இருக்கட்டும், பிள்ளை பிறந்தால் ஆறும், ஆறாவிட்டாலும் வயிறு நிறையும். கோயில் வாசலில் வண்டி நிற்கிறது, கல்லறைத் தோட்டத்துக்குள் வண்டி போகாது. பாடையில் எடுத்து வைக்கிறார்கள். முன்பக்கம் இடது கொம்பைப் பிரிட்ரிக் பிடிக்கிறார், வலது கொம்புக்குச் சீவார்ட் குனிகிறான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. எனக்குள் இருந்த வட்டம் அப்போதுதான் நின்றது. நான் யோசித்துச் சொன்னேன் என்று சொல்லமுடியாது, வாய் தானாகத் திறந்தது. “சீவார்ட், கொஞ்சம் நில்லு.” குனிந்தபடியே நின்றான். “நீ இன்னைக்குப் பெட்டிமேல் கை வைச்சே. ஒரே ரத்தம்னு சொன்னே. நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். அரசர் கேட்காவிட்டால் பங்காளி கேட்கணும். இவருக்கு இந்த நாட்டில் இருக்கிற பங்காளி நீங்க ரெண்டு பேர்தான். இவரைச் சாகடிச்சது யாருன்னு கேள்.” பிரிட்ரிக், “லெவீவா, முடிஞ்சதை ஏன்…” என்கிறார். “சம்பந்தி, உங்களையும்தான் சொல்றேன்” என்கிறேன், அவர் வாயை மூடிக்கொள்கிறார்.

“யாரைப் போய்க் கேட்கிறது?” என்கிறான் சீவார்ட், தரையைப் பார்த்து. “ஊரில் எல்லோரையும். உன் வீட்டிலிருந்து ஆரம்பி.” பாடையின் கொம்பை விட்டு நிமிர்கிறான். வயசான மனுஷன், அறுபது இருக்கும், இவ்வளவு பக்கத்தில் நான் அவனைப் பார்த்ததில்லை, புருவத்திலும் மாவு. “தள்ளினேன்” என்கிறான். பின்னால் யாரோ மூச்சை இழுப்பது கேட்கிறது. “மதகிலிருந்து இறங்குன்னு தள்ளினேன். கல் இருக்கும்னு நினைக்கலை. விழுந்தார். இறங்கித் தூக்கியிருக்கலாம். நான் தூக்கலை.” “உயிர் இருந்ததா?” “இருந்தது. கை நீட்டினார். ஏதோ பேசினார்.” என் காதுக்குள் ஆறு ஓடுகிற மாதிரி இரைச்சல். “என்ன பேசினார்?” “அவங்க பாஷையில். எனக்குப் புரியலை.” அவங்க பாஷையில். எட்டு வருஷமாகத் தூக்கத்திலும் வராத பாஷை. அப்போ அது போய்விடவில்லை, எங்கேயோ அடியில் இருந்திருக்கிறது, என்னால் பறிக்கமுடியாத இடத்தில். “எப்படிக் கேட்டுச்சு, அப்படியே சொல்லு.” அவன் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, பிறகு வருகிறது: “எய்தே… எய்தே…” அந்தச் சொல் எனக்குத் தெரியும். உதவி. கோட்டை வாசலில் நொண்டிப் பிச்சைக்காரன் கத்துகிற சொல், சந்தையில் மூட்டை தூக்கக் கூப்பிடுகிற சொல், எங்கள் குழந்தைகள் மரத்தில் ஏறி மாட்டிக்கொண்டால்கூட இப்போது இதைத்தான் கத்துகிறார்கள். அவர்கள் வந்து முப்பத்தெட்டு வருஷமாகிறது. “சீவார்ட்” என்கிறேன், “இந்தச் சொல்லா உனக்குப் புரியலை?”

பிரிட்ரிக் வேறெங்கோ பார்க்கிறார். ஆவிஸ் வந்து என் பக்கத்தில் நிற்கிறாள், அவள் மூச்சு என் கழுத்தில் சுடுகிறது.

“புரிஞ்சுது” என்கிறான்.

தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டால் ஏதாவது ஆகும் என்று நினைத்திருந்தேன், அழுகையாவது வரும் என்று. வரவில்லை. குழி வெட்டியவர்கள் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு காத்திருக்கிறார்கள், பாதிரியாருக்குக் குளிர் நடுக்குகிறது, பாடையின் வலதுபக்கம் தரையில் சரிந்து கிடக்கிறது.

“தூக்கு” என்றேன். “பங்காளிதான் முன்னால் பிடிக்கணும்.”